புருவத்தில் குத்திய பச்சை



நமது தோட்டங்களில் இன்னும் சில பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னங்கையை ஒருமுறை பாருங்கள். கோலம், தேள், புருஷன் பெயரின் முதல் எழுத்து என்று பச்சை குத்தியிருக்கும். குத்தியபோது அந்த மை பச்சை இல்லை, கறுப்பு. விளக்குப் புகையில் எடுத்த கரியைக் குழைத்துத்தான் ஊசியால் இறக்கினார்கள். கறுப்பாக உள்ளே போனது ஏன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிகிறது? தோலுக்கு அடியில் கிடக்கிற கரியைத் தோல் வழியாகப் பார்க்கும்போது, வெளிச்சத்தில் உள்ள நீலப் பங்குதான் அதிகமாகச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. கரி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவுக்கு நீலம். விஷயம் இவ்வளவுதான்.

பாட்டியின் கைக்கு அது அழகு. அதே நீலம் இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் இரண்டு புருவத்திலும் வந்து உட்கார்ந்தால்?

ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துச் சகோதரி அப்படித்தான் என்னிடம் வந்தாள். அப்பா வெட்டுமரத்தில், அம்மா வெளிக்காட்டில். இவள் சிங்கப்பூரில் வேலை. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து பாலம் தாண்டுகிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலைப் பக்கம் நூல் போட்டுப் புருவம் திருத்திக்கொள்வாள். அதில் ஒரு குறையும் இல்லை. நூல் போடுவது முடியோடு போகிற வேலை. தப்பாகப் போனாலும் சில வாரத்தில் வளர்ந்துவிடும். அண்ணன் கல்யாணம் வந்தது. நகரத்தில் வேறொரு கடைத்தொகுதியில், சிங்கப்பூர்க்காரர்கள் 'புருவ எம்பிராய்டரி' என்று சொல்கிறார்களே, அதைச் செய்துகொண்டாள். தினமும் மையெழுத நேரமில்லை என்பது அவள் சொன்ன காரணம். மூன்றரை மணிக்கு எழுகிறவள் சொல்கிற காரணத்தைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணன்மார்களே, நீங்களும் சிரிக்காதீர்கள்.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்ததாம். புருவத்தைப் பென்சிலில் வரைந்து காட்டவில்லை. எந்த மை என்று சொல்லவில்லை. ஒரு புருவம் ஏறி, ஒன்று இறங்கி இருந்தது. மறுவாரமே போய்க் கேட்டாள். பொருக்கு இன்னும் முழுசாக உதிரவில்லை. அதன் மேலேயே இரண்டாவது தடவை ஊசி போட்டார்கள். ஒன்றரை வருடத்தில் எல்லாம் நீலச் சாம்பலாகிவிட்டது. திரும்பவும் போனாள். தோல் நிறத்தில் ஒரு மை இருக்கிறது, அதைப் போட்டு வால் பகுதியை மறைத்துவிடலாம் என்றார்கள். அதற்கும் காசு கட்டினாள்.

"அண்ணே, கண்ணாடி பாக்கவே புடிக்கல" என்றாள்.

நான் முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவன். காயத்துக்கு மேல் காயம் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை விஷயத்தில் மூன்று தவறு நடந்திருக்கிறது, மூன்றும் தவிர்த்திருக்கக்கூடியவை.

முதல் தவறு அவசரம். புருவத்தில் மை ஏற்றினால் முதல் வாரம் கன்னங்கரேலென்று, தடிப்பாகத்தான் தெரியும். ஏழிலிருந்து பத்து நாளில் பொருக்கு உதிர்ந்து நிறம் நன்றாகக் குறையும். உண்மையான நிறமும் வடிவமும் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் யார் "சரி செய்கிறேன்" என்றாலும் ஊசியைத் தொடவிடாதீர்கள். ஆறாத தோலில் மறுபடி குத்தினால் மை ஆழமாக இறங்கும், தழும்பும் விழலாம். ஆழமாக இறங்கிய மை என்ன நிறம் காட்டும் என்பதைப் பாட்டியின் கையில் பார்த்தோமே.

இரண்டாவது, என்ன மை என்று கேட்காதது. புருவ மையில் பெரும்பாலும் இருப்பது கரி, அல்லது இரும்புத் துரு இனத்து நிறப்பொடி, அல்லது இரண்டும் கலந்தது. கரி நீலமாக மாறும். துரு இனம் நாளாவட்டத்தில் மங்கிச் செம்பு நிறம் காட்டும். கெட்ட மையால் வருகிற தொல்லை நிறத்தோடு நிற்பதில்லை. 2003, 2004-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒருவகை ஒப்பனைப் பச்சை மைகளால் வீக்கம், கொப்புளம், தழும்பு என்று 150-க்கும் மேற்பட்ட புகார்கள் அரசுக்கு வந்தன. ஐரோப்பிய நாடுகளில் 2022 ஜனவரியிலிருந்து பச்சை மைக்கும் ஒப்பனை மைக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. நீங்கள் போகிற கடையில் மைப்புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பெயரையும் நிறத்தையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டில் ஒரு நாள் பேர் குறைந்தால் கிராணியிடம் சண்டைக்குப் போகிற நாம், நானூறு ஐந்நூறு வெள்ளி கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவது என்ன நியாயம்?

மூன்றாவது தவறுதான் பெரிய தவறு. அந்தத் தோல் நிற மை. அதில் டைட்டானியம் டையாக்சைடு என்கிற வெள்ளைப்பொடி இருக்கும். போட்ட அன்று மறைப்பதுபோல் இருக்கும். பின்னால் லேசர் வைத்து எடுக்கப் போனால், அந்த வெள்ளை லேசர் பட்டதும் சாம்பலாக, சிலசமயம் கறுப்பாக மாறிவிடும். துரு இன மையும் அப்படிக் கறுக்கக்கூடியது. எனவே தப்பிய புருவத்தை மையால் மறைக்க யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்றுவது சுலபம். எடுக்க வேண்டிய அன்றைக்கு அது இரண்டு மடங்கு வேலை.

சரி, எடுப்பது எப்படி? வீட்டு வைத்தியம் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். சுண்ணாம்பு, எலுமிச்சை, உப்பு வைத்துத் தேய்ப்பது, தபாலில் வருகிற 'பச்சை அழிக்கும்' களிம்பு. அந்தக் களிம்புகளில் பலவும் அமிலம். கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே அமிலம் பூசலாமா? மை போகாது, தோல்தான் வேகும்.

பழக்கமுள்ள தோல் மருத்துவரிடம் லேசர்தான் ஒழுங்கான வழி. நம் நிறத்துக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேசர் ஒளி மையை மட்டும் பார்ப்பதில்லை, நம் தோலின் கருநிறத்தையும் பார்க்கிறது. சிவந்த தோலுக்கு வைக்கிற அளவையே நமக்கும் வைத்தால் வெள்ளைத் திட்டு விழலாம், அல்லது அந்த இடமே கறுத்துப் போகலாம். கரிய மைக்கும் கரிய தோலுக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளம் ஒப்பீட்டில் பாதுகாப்பானது. அது தோலின் மேல்நிறத்தை அதிகம் தாக்காமல் ஆழத்துக்குப் போகும். "என்ன அலைநீளம் டாக்டர்?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். முதலில் ஒரு சின்னப் புள்ளியில் வைத்துப் பார்த்து, சில வாரம் பொறுத்துத்தான் முழுப் புருவத்துக்கும் போக வேண்டும். ஒரே தடவையில் தீராது, பல தடவை ஆகும். நடுநடுவே ஆறிலிருந்து எட்டு வாரம் விட வேண்டும். புருவ முடி கொஞ்ச நாள் வெளுத்துத் தெரியலாம், பிறகு பழைய நிறத்தில் வளரும்.

சிங்கப்பூரில் மண்டலே சாலையில் 1988 முதல் தேசியத் தோல் மையம் நடக்கிறது. இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. சீழ், வீக்கம், நாள்பட்ட அரிப்பு இருந்தால் அழகு வைத்தியத்துக்குக் காத்திராமல் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு உடனே போங்கள்.

இனிமேல் போக நினைக்கிறவர்களுக்கும் சில வார்த்தை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் தள்ளிப் போடுங்கள். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவர்கள், காயம் தடித்துத் தழும்பாகிற உடம்புக்காரர்கள் போகவே வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது பொறுங்கள். ஊசியும் பிளேடும் உங்கள் கண் முன்னால் புது உறையிலிருந்து வர வேண்டும்; மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தத்தில்தான் பயணம் போகிறது. காயம் ஆறும்வரை மருந்தடிக்கிற வேலைக்குப் போகாதீர்கள். நெற்றி வேர்வையோடு களைக்கொல்லியும் சேர்ந்து அந்தக் காயத்தில்தான் இறங்கும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது செய்யுங்கள், இரண்டு நாள் இருக்கும்போது அல்ல.

இன்னொன்று. புருவம் தானாகக் கொட்டியதால் மை குத்தப் போகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். புருவத்தின் வெளிக்கோடி மட்டும் மெலிந்து, உடம்பு பருத்து, எந்நேரமும் அசதியாக இருந்தால் தைராய்டு சுரப்பி மந்தமாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். புருவம் உதிர்ந்து, தோலில் உணர்ச்சி இல்லாத திட்டும் இருந்தால் அது தொழுநோயாகக்கூட இருக்கலாம். இன்று மாத்திரையில் குணமாகிற நோய் அது. ஆரம்பத்தில் பிடித்தால் விரலும் கண்ணும் தப்பும். மேலே மை பூசி மூடிவிட்டால் எந்த மருத்துவர் கண்ணில் படும்?

காசு விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் 1971 முதல் 'கேஸ்' என்கிற பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலேயே கேட்கலாம். நம் நாட்டில் பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும். எல்லாவற்றுக்கும் ரசீதும் படமும் வேண்டும். செய்யும் முன்பு, செய்த அன்று, ஆறாவது வாரம் என்று கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அந்தச் சகோதரியிடம் முதல் ரசீது இல்லை, தோல் நிற மைக்கு வாங்கியது மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மருத்துவர் புருவ வாலில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். நான் பயந்தபடியே சாம்பலாகிவிட்டது. அதனால் வாலை விட்டுவிட்டுத் தலைப்பக்கம் மட்டும் இரண்டு தடவை லேசர் ஆகியிருக்கிறது. நீலம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வாலுக்கு என்ன செய்வதென்று அடுத்த தடவை பார்க்கலாம் என்றிருக்கிறார். அதுவரை முடியை நூலுக்குக் கொடுக்காமல் வளரவிட்டு, மேலே லேசாகப் பென்சில் இழுத்துக்கொள்கிறாள். மூன்றேகால் மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறதாம்.