டொக்டர் இராஜசுந்தரத்தை எப்படி நினைவுகூர்வது?

கொம்பனித்தெருவிலிருந்து பொரளைக்குப் போய் பேஸ்லைன் வீதிப் பக்கம் திரும்பினால் வெலிக்கடைச் சிறைச்சாலையின் நீண்ட மதில் தெரியும். பஸ்ஸில் இருப்பவர்களில் அநேகர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நமக்கோ அவ்வழியே போகும் ஒவ்வொரு தடவையும் வவுனியாவின் ஒரு வைத்தியர் நினைவுக்கு வருகிறார். 1983 ஜூலை 27ஆம் திகதி அந்த மதிலுக்குள் அவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர்தான் டொக்டர் எஸ். இராஜசுந்தரம், காந்தியம் இயக்கத்தின் செயலாளர்.

ஜூலை மாதம் பிறந்தால் அவருடைய பெயர் மேடைகளில் சொல்லப்படுகிறது. சுடர் ஏற்றுகிறோம், மலர் தூவுகிறோம், இறந்தவர்களின் தொகையைச் சொல்கிறோம். அது தவறல்ல. ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்பதைத் தெரிந்த அளவுக்கு, அவர் எப்படி வாழ்ந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதிலும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களாகிய உங்களுக்கு அவருடைய சாவை விட அவருடைய வாழ்வே அதிகம் சொந்தமானது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தக் காலத்தை நினைத்துப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிகுதி 1,50,000 பேரின் கதி பிறகு தீர்மானிக்கப்படும் என்று எழுதப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. பின்னர் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் கைமாறின. எழுபதுகளின் நடுப்பகுதியில் லயன்களில் பசி தாண்டவமாடியது. 1977 ஆகஸ்டில் இனக்கலவரம் வெடித்தது. அடிபட்டவர்களும் பசித்தவர்களும் மூட்டை முடிச்சுகளோடு வடக்கே வந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் வந்து இறங்கிய இடம் வவுனியா.

அன்றைய வவுனியா ஒரு சிறிய பட்டினம். புகையிரத நிலையம், சந்தை, கச்சேரி, ஒரு வைத்தியசாலை, சுற்றிலும் குளங்களும் காடும். அங்கேதான் இராஜசுந்தரம் தொழில் செய்தார். அவருடைய மனைவியும் வைத்தியர். இரண்டு வைத்தியர்கள் உள்ள வீட்டுக்கு இந்த நாட்டில் என்ன குறை வரும்? கொழும்பிலோ வெளிநாட்டிலோ வசதியாக வாழ்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் வந்து நின்ற சனத்துக்கு மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது போதாது என்று அவர் கண்டார். காய்ச்சலுக்கு மருந்து உண்டு. பசிக்கும் காணி இல்லாமைக்கும் வைத்தியசாலையில் மருந்து இல்லை.

கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட் அவர்களும் டொக்டர் இராஜசுந்தரமும் சேர்ந்து எழுபதுகளின் பிற்பகுதியில் காந்தியத்தை வளர்த்தார்கள். மகாத்மா காந்தியின் கிராம நிர்மாண வழியே அதன் வழி. அவர்கள் நிவாரணம் கொடுப்பதோடு நிற்கவில்லை. வந்த குடும்பங்களை வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களில் குடியமர்த்தினார்கள். காடு வெட்டவும் குடிசை போடவும் கிணறு தோண்டவும் மேட்டுப்பயிர் செய்யவும் துணை நின்றார்கள். கிராமந்தோறும் பாலர் பாடசாலை வைத்தார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளையே பயிற்றி அங்கே ஆசிரியர்களாக்கினார்கள். தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் உழுந்தும் கச்சானும் விதைக்கப் பழகின. அகதி என்று வந்தவர் கமக்காரர் ஆனார். இதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டேவிட் திருமணம் செய்யாதவர். தன் உழைப்பையும் பொருளையும் முழுவதுமாகப் பொதுப்பணிக்குக் கொடுத்தவர். அது பெரிய தியாகம். ஆனால் குடும்பஸ்தர் ஒருவர் பொதுப்பணிக்கு இறங்கும்போது அவர் மட்டும் இறங்குவதில்லை. வீட்டின் நேரமும் நிம்மதியும் பாதுகாப்பும் அவரோடு சேர்ந்து இறங்குகின்றன. அந்தப் பாரத்தில் பாதியை மனைவி சுமக்கிறார், ஆனால் நினைவு மலர்களில் அவருடைய பங்கு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. "எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, ஊர் வேலைக்கு நேரமில்லை" என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். பிள்ளை குட்டி இருப்பதால்தான் ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்பது இராஜசுந்தரம் போன்றவர்களின் விடை. தன் வீட்டை நேசிக்கத் தெரிந்தவருக்குத்தான் வீடில்லாதவரின் வேதனை முழுதாகப் புரியும்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு தம்பதியர் இருந்தார்கள். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் வினோபாவேயின் பூதான இயக்கத்தில் நடந்தவர்கள். 1968 டிசம்பர் 25ஆம் திகதி கீழ்வெண்மணியில் 44 ஏழைகள் எரிக்கப்பட்ட பிறகு அந்தத் தஞ்சைச் சீமையிலேயே தங்கி, கூலி விவசாயிகளுக்குக் காணி வாங்கிக் கொடுப்பதற்காக 1981இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த காணிகள் பெண்களின் பெயரில் எழுதப்பட்டன. குடிப்பவரும் கடன்படுபவரும் விற்றுவிடாமல் குடும்பத்துக்குக் காணி நிலைக்க அதுவே வழி என்று அவர்கள் கண்டார்கள். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

காந்தியத்தின் பணி அரசாங்கத்தின் கண்ணில் குத்தியது. எல்லைப்புறங்களில் மலையகத் தமிழர் குடியேறுவது விரும்பப்படவில்லை. இளைஞர் இயக்கங்களோடு தொடர்பிருந்த சிலரும் காந்தியத்தில் தொண்டர்களாக வேலை செய்தார்கள் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் குற்றம் இருந்தால் அதை நிரூபிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். 1983 ஏப்ரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் கைது செய்யப்பட்டார்கள். பனாகொடை இராணுவ முகாமில் வைக்கப்பட்டுப் பின்னர் வெலிக்கடைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். எந்த நீதிமன்றமும் இராஜசுந்தரத்தைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை.

ஜூலை 25ஆம் திகதி சிறைக்குள் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசின் காவலில் இருந்தவர்களை அரசு காப்பாற்றவில்லை. ஒரு நாள் இடைவெளி இருந்தும் பாதுகாப்புச் செய்யப்படவில்லை. 27ஆம் திகதி மறுபடியும் தாக்கினார்கள். அன்று 18 பேர் மாண்டார்கள். இராஜசுந்தரம் இருந்த பகுதியில் டேவிட், வணபிதாக்கள் சிங்கராயர், சின்னராசா, மெதடிஸ்த போதகர் ஜெயதிலகராஜா, விரிவுரையாளர் நித்தியானந்தன் ஆகியோரும் இருந்தார்கள். தாக்க வந்தவர்களின் முன்னால் போய், நாங்கள் கொலைகாரரும் அல்ல, கொள்ளைக்காரரும் அல்ல, எங்களை ஏன் கொல்ல வருகிறீர்கள் என்ற கருத்தில் வைத்தியர் பேசியதாக உயிர் தப்பியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பேசிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை. அவரை வெளியே இழுத்து அடித்துக் கொன்றார்கள். இரண்டு நாட்களிலும் கொல்லப்பட்ட 53 பேருக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அவர்கள் வளர்த்த குடியிருப்புகளின் கதியையும் சொல்ல வேண்டும். மணலாற்றுப் பகுதியில் கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்ற இடங்களில் காந்தியத்தின் உதவியோடு மலையகக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகளும் அவர்களுடைய குடும்பங்களும் அங்கே இருத்தப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கே தாக்கி 60இற்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் சாதாரண சனங்களும் இருந்தார்கள். முதலில் ஏழை கையில் இருந்த காணியைப் பறித்து இன்னோர் ஏழையை அங்கே இருத்தினார்கள்; பிறகு அந்த ஏழையும் செத்தான். கத்தி எடுக்காத ஒரு வைத்தியர் ஆரம்பித்து வைத்த நிலத்தில் நடந்த இந்த இரண்டு அநியாயங்களையும் அநியாயம் என்றே நாம் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் அது அவருக்குச் செய்யும் அஞ்சலி ஆகாது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்களே பட்டவர்கள். 1990இல் வலிகாமம் வடக்கு, 2007இல் முள்ளிக்குளம், 2009இல் வன்னி முழுவதும். செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது, சொந்தக் காணிக்குப் போக முடியாமல் வேறிடத்தில் இறக்கிவிடப்பட்டவர்களும் உங்களில் இருக்கிறார்கள். எழுபதுகளில் மலையகச் சனம் மூட்டையோடு வந்து நின்ற அதே வவுனியா மாவட்டத்தில் நாமும் மூட்டையோடு நின்றோம்.

அப்படி நின்ற பிறகாவது நமக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். உறைத்ததா? வன்னியில் எண்பதுகளுக்கு முன்னரே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இன்றும் சிலர் "தோட்டக்காட்டான்" என்று சொல்கிறார்கள். வயலில் கூலி வேலைக்கு அவர்கள் வேண்டும். கமக்காரர் அமைப்பில், கோயில் சபையில், பங்குச் சபையில் கதிரை கொடுக்க மனம் வருவதில்லை. நாற்பது வருடமாக ஒரே வளவில் இருந்தும் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாத குடும்பங்கள் உண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டம் இல்லை, கிணற்றுக்கு உதவி இல்லை, வங்கிக் கடன் இல்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்தது. காணி கிடைக்கவில்லை. இந்தக் குறையை அரசாங்கத்தின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. பட்டியல் எழுதும்போது பக்கத்து வீட்டுப் பெயரை விட்டவர்கள் நம்மவர்களும்தான்.

ஆகவே, டொக்டர் இராஜசுந்தரத்தை நினைவுகூர விரும்பும் கிராமங்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, வருகிற ஜூலைக்குள் உங்கள் கிராமத்தில் காணிக் கடதாசி இல்லாத குடும்பங்களின் பட்டியலை நீங்களே எழுதுங்கள். எந்த ஆண்டில் வந்தார்கள், எவ்வளவு காணி, என்ன பயிர், கிணறு உண்டா, வாக்காளர் இடாப்பில் பெயர் எப்போதிருந்து உண்டு என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கிராம அலுவலரிடம் ஒரு பிரதி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி, உங்கள் சங்கத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். தனியாகப் போகிறவரை நாளைக்கு வா என்பார்கள். ஊராகப் போனால் அப்படிச் சொல்வது கடினம்.

இரண்டாவது, காணியில் பெண்களின் பெயரை மறக்க வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக்காரர் தமக்குப் பின் காணி யாருக்கு என்று எழுதாமல் இறந்தால் ஆண்மக்களுக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. எனினும் எழுதி வைக்காவிட்டால் இழுபறிதான். யுத்தத்தில் கணவனை இழந்த எத்தனையோ சகோதரிகள் இன்றும் இதனால் அலைகிறார்கள். மனைவி மேல் அன்புள்ள கணவன் செய்ய வேண்டிய காரியம் இது: உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே காரியாலயத்துக்குப் போய் அவளுடைய பெயரைப் பதிவு செய்யுங்கள். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கண்ட உண்மை நம் வளவுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பாலர் பாடசாலையைக் கவனியுங்கள். எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து ஒரே சட்டிக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தால், பெரியவர்களான பிறகு ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லி அழைக்க நா கூசும். காந்தியம் கிராமத்துக்குள் பாலர் பாடசாலையோடு நுழைந்தது இதை அறிந்துதான் போலும்.

டேவிட் அவர்கள் 1983 செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைக்கப்பட்டபோது தப்பி இந்தியா போய், நீண்ட காலம் சென்னையில் வாழ்ந்து, முதுமையில் ஊர் திரும்பி, 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் கண்ணை மூடினார். தன் மக்களின் நடுவில் சாகும் பாக்கியம் அவருக்காவது கிடைத்தது. அவருடைய தோழருக்கு அது மறுக்கப்பட்டது. சிறை மதிலுக்குள் போய் நாம் இராஜசுந்தரத்துக்கு விளக்கு ஏற்ற முடியாது. ஆனால் அவர் கைபிடித்துக் கூட்டிவந்த குடும்பங்கள் நம் அயலில் இருக்கின்றன. இந்த ஜூலையில் சுடரை அணைத்துவிட்டு வீடு திரும்பும்போது, அந்த வளவுப் படலையைத் திறந்து, "உங்கட காணிக் கடதாசி சரியா இருக்கா அண்ணை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்று நாம் நம்புகிறோம்.