கூடா நட்பு எது?

விடுதலையாகி வந்த இளைஞனைத் தேடி, சிறையில் பழகியவன் ஒருவன் வந்துவிட்டால் போதும். ‘சிறைச் சகவாசம் இன்னும் விடவில்லை’ என்று தெருவே முணுமுணுக்கிறது. வந்தவன் யார், எதற்கு வந்தான் என்று நாம் கேட்பதில்லை.

விழுப்புரத்தை அடுத்த வேடம்பட்டுச் சிறையானாலும் வேறெந்தச் சிறையானாலும், உள்ளே இருப்போர் அனைவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றவர்கள் அல்லர். 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, இந்தியச் சிறைவாசிகளில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகளே. திண்டிவனம் வட்டாரத்தில் செங்கல் சூளையிலும் மரம் வெட்டியும் பிழைக்கும் இருளர்கள்மீது பொய்யான திருட்டு வழக்குகள் புனையப்பட்டதைப் பேராசிரியர் கல்யாணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல்லாண்டுகளாக எடுத்துரைத்துள்ளனர்.

இத்தகையோருக்கு உள்ளே துணை யார்? எழுத்தறியாதவனுக்கு மனு எழுதித் தருபவனும், வாய்தா நாளை நினைவூட்டுபவனும், சோப்பில் பாதியைப் பகிர்பவனும், தான் வெளியேறியதும் மற்றவன் வீட்டுக்குச் செய்தி கொண்டு செல்பவனும் உடனிருக்கும் கைதியே.

‘அங்கே புதியவனை அடியாளாக்கும் கூட்டமும் உண்டே’ என்பர். உண்டு, மறுக்கவில்லை. ஆயினும், வெளியிலிருந்து ஒருவரும் எட்டிப் பாராதவனையே அக்கூட்டம் எளிதில் வளைக்கிறது. ஜாமீனுக்கு ஆள் தருபவனுக்கே அவன் கடன்படுகிறான். நல்லவர் கைவிட்ட இடத்தைப் பொல்லாதவர் நிரப்பினால் பழி யாருக்கு?

பிணை உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் இன்றி உள்ளே கிடப்போர் உண்டு. ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க இயலாதோருக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதை அந்தக் கைதியின் தாய்க்கு எடுத்துச் சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வாசல்வரை அழைத்துச் செல்ல ஆள் வேண்டாமா?

தவக்காலத்தில் பழமும் ரொட்டியும் கொடுத்துத் திரும்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. புனித பவுல் சிறையில் பெற்ற நண்பன் ஒனேசிம் ஓர் அடிமை. அவனைத் தம் மகனாகவே கருதினார். தம்மை ஏற்பதுபோல் அவனை ஏற்குமாறும், அவன் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதுமாறும் பிலமோனுக்கு மடல் விடுத்தார். ஜாமீன் என்பது இதுவன்றோ!

அந்த மடலை ஆலயத்தில் வாசிக்கக் கேட்கும் நாம், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் பங்குகளில் வீட்டு வரி ரசீதோடு நீதிமன்றப் படியேற முன்வருவோர் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்போம். ஒருவரும் இல்லையெனில், சிறைவாசிகளின் நட்பைப் பற்றிப் பேச நமக்கு நாவில்லை.