மேல்மடை நீரும் கீழ்மடை உப்பும்

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வயல்களிலிருந்து வெளியேற்றிய உப்பு வடிநீர் கொலராடோ ஆற்றிற் கலந்தது. எல்லைக்கப்பால், பருத்தி விளைந்த மெக்சிக்காலிப் பள்ளத்தாக்கில் பயிர்கள் சேதமுற்றன. தறிக்கு நூல் வேண்டும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று. 1973-இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. வடிநீரின் உப்பை நீக்க எல்லையருகே யூமாவில் எழுப்பிய ஆலையோ, 1992-இல் கட்டி முடிந்தும் பெரும்பாலும் ஓடாமலே கிடக்கின்றது!

உப்பை வயலிலேயே தடுத்தல் நன்று. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கிராண்டு பள்ளத்தாக்கில் நிலத்தடிப் பாறை பண்டைக் கடலின் படிவு. மிகையாகப் பாய்ச்சிய நீர் அதனுட் கசிந்து, உப்பைக் கரைத்து ஆற்றிற் சேர்க்கின்றது. வாய்க்காலுக்குத் தளமிட்டும் குழாய் பதித்தும் அங்குக் கசிவைக் குறைத்தனர். சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுப்பதும் உப்பைக் குறைக்கும்.

பயன் கீழ்மடைக்கு, செலவை மேல்மடை உழவன் தனியே சுமப்பது முறையா? 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிதியோடு அணை மின்சார வருவாயையும் இப்பணிக்கு ஒதுக்கிற்று.