பத்துக் கட்டங்களும் பத்து முடிச்சுகளும்



மூணாறு, தேவிகுளம், வண்டன்மேடு மலைகளிலும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும் வளர்ந்த உங்களில் அநேகர், லயத்து முற்றத்திலோ வீட்டுத் திண்ணையிலோ பல்லாங்குழி ஆடியிருப்பீர்கள். ஏழேழாய்ப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ காய்கள். குழிக்கு ஒன்றாய் இட்டுச் சென்ற விரல்களே நமக்கு முதற்கணக்கைக் கற்பித்தன.

இன்று பிழைப்பின் நிமித்தம் பட்டணத்து ஒற்றையறையில் குடியிருக்கிறோம். பிள்ளை அழுதால் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது.

பிள்ளை ஐம்பது வரை ஒப்புவிக்கக் கேட்டு மகிழ்கிறோம். "ஐந்து தக்காளி எடுத்து வா" என்று சொல்லிப் பாருங்கள்; கைக்கு அகப்பட்டதை அள்ளி வரும். ஒப்புவித்தல் வேறு, எண்ணுதல் வேறு. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதும், கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத் தொகை என்பதும் விளங்கினால்தான் அது எண்ணுதல்.

இதற்குச் செலவில்லாத விளையாட்டு ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியை விரித்து, வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசையில் பத்துக் கட்டங்கள் வரையுங்கள். பழைய சேலைத் துணியில் எலுமிச்சம்பழ அளவில் பத்து முடிச்சுகளை இறுகக் கட்டுங்கள். காலண்டர் அட்டையைத் துண்டுகளாக்கி, ஒன்று முதல் பத்து வரை புள்ளிகள் இடுங்கள்.

பிள்ளை ஒரு சீட்டை எடுத்துப் புள்ளிகளைத் தொட்டு எண்ணட்டும். பின்பு அத்தனை முடிச்சுகளைக் கட்டத்துக்கு ஒன்றாய் வைக்கட்டும். "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினால் கடிந்துகொள்ளாதேயுங்கள். அது வளர்ச்சியின் ஒரு படி. முதலில் மூன்று வரை, பின்பு ஐந்து வரை போதும். ஒரு வரிசை நிறைந்து இரண்டு மிஞ்சினால் ஏழு என்பதைப் பிள்ளை நாளடைவில் எண்ணாமலே கண்டுகொள்ளும்.

ஒரு காரியத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஊரிலிருந்து கொண்டுவந்த குன்றிமணியைச் சிறுபிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. கறுப்புக் கண்ணுடைய அந்தச் சிவப்பு விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையும் மஞ்சாடியும்கூட மூக்கிலோ தொண்டையிலோ அடைத்துக்கொள்ளும். ஆகையால்தான் துணி முடிச்சு.

ஊரில் பாட்டியிடம் வளர்ந்து, அங்கன்வாடியில் மலையாளத்தில் எண்ணப் பழகிய பிள்ளையானால் கலங்க வேண்டாம். அங்கே கற்ற 'நாலு', 'அஞ்சு' நம் வீட்டிலும் அதே நாலு, அஞ்சுதான். எந்த மொழியில் எண்ணினாலும் விரலும் சொல்லும் சேர்ந்து நகர்கின்றனவா என்பதையே கவனியுங்கள்.

இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் அமருங்கள். சில வாரங்கள் கழித்து, அந்த ஐந்து தக்காளியை மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.