படகுக்காரர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடாமல் கடைசி வரை படியுங்கள். வகுப்பில் ஓடியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் போட்டு என்னை டேக் செய்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து நன்றாக இருக்கிறார். படம் பழவேற்காட்டில் எடுத்தது. ஃபைபர் படகின் விளிம்பில் அவருடைய இரண்டு பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் முகத்துவாரம், அதற்கு அப்பால் கடல். யார் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. கீழே இப்படி எழுதியிருந்தார்: “1994ல எங்க டீச்சர் கூட்டிட்டுப் போன அதே இடம். சாகசம்னா இதுதான்!”

நூறு பேருக்கு மேல் லைக் போட்டிருந்தார்கள். என்னால் போட முடியவில்லை. அவரிடம் போனில் பேசிவிட்டேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இது அவரைத் திட்டும் பதிவு இல்லை. திட்ட வேண்டியது என்னைத்தான்.

1994 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். டச்சுக் கல்லறையைப் பார்த்தாயிற்று, ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிட்டாயிற்று. “டீச்சர், படகு! டீச்சர், படகு!” என்று ஒரே கூச்சல். கரையில் இருந்த படகுக்காரர் காற்றைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். “இப்ப வேணாம் டீச்சரம்மா. தண்ணி கடலுக்கு இழுக்குது. மொகத்துவாரம் பக்கம் போகக் கூடாது” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “பிள்ளைங்க ஆசைப்படுதுங்கண்ணே, நூறு ரூபாய் சேர்த்துத் தரேன்” என்றேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். இருபத்தாறு பிள்ளைகள் ஒரே படகில். முகத்துவாரம் நெருங்கியதும் படகு தூக்கிப் போட்டது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்தினோம். அவர் போட்ட அதட்டலில் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். படகைத் திருப்பிக் கரை சேர்த்தார். நனைந்து, சிரித்து, பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வந்தோம்.

அதற்குப் பிறகு எத்தனை பழைய மாணவர் சந்திப்பில் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! “நம்ம பசங்க கடல்ல விழ இருந்தாங்க” என்று நான் சொன்னதும் எல்லோரும் கைதட்டுவீர்கள். 2011 டிசம்பர் 25ஆம் தேதி வரை சொன்னேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ். பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்த குடும்பங்கள் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. லைஃப் ஜாக்கெட் கிடையாது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் கை நடுங்கியது. அந்த இருபத்தாறு பேரின் வருகைப் பதிவேட்டை மனத்துக்குள் வரிசையாகப் படித்தேன். அன்றிலிருந்து அந்தக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஏன் நிறுத்தினேன் என்றும் உங்களிடம் சொல்லவில்லை. அதுதான் தவறு. கதை உங்களிடம் தங்கிவிட்டது, அதன் பயம் என்னிடமே தங்கிவிட்டது.

போனில் அந்த மாணவர் சொன்னார், “டீச்சர், ஏரியில தண்ணி இடுப்பளவுதான்.” உண்மைதான். பழவேற்காடு ஏரி பெரும்பாலான இடங்களில் ஆழம் இல்லாதது. அந்த நினைப்புத்தான் ஆளைக் கொல்கிறது. பூகோளம் நடத்தியவள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். இவ்வளவு பெரிய ஏரியின் தண்ணீர் வற்றத்தின்போது ஒரு குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓட வேண்டும். எதிரே கடலிலிருந்து அலை வருகிறது. வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அடியில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று மேடு, மேடாக இருந்த இடம் பள்ளம். அந்த நேரத்தில் பயந்துபோய் எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் படகு தாங்காது. நீச்சல் தெரிந்தவருக்கும் அங்கே கஷ்டம்.

இந்த அறிவு படகுக்காரரிடம் இருக்கிறது. மூன்று தலைமுறையாக அந்தத் தண்ணீரில் பிழைப்பவர் அவர். அவர் ‘வேண்டாம்’ என்பது பேரம் இல்லை. அதை ரூபாயைக் காட்டி ‘சரி’ என்று மாற்றுகிறோமே, அதைத்தான் நாம் சாகசம் என்று சொல்லிக்கொள்கிறோம். நாலு நாள் கடலுக்குப் போகாமல் வீட்டில் அடுப்பு எரியாதவரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் அவர் எப்படி மறுப்பார்? 1994இல் நான் அந்த மனிதரைத் தவறு செய்ய வைத்தேன். ஏதாவது நடந்திருந்தால் சிறைக்குப் போயிருப்பவர் அவர், நான் இல்லை.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2009இல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர். 2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் பலர் நம் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து தீவு பார்க்கப் போனவர்கள். 2023இல் கேரளத்துத் தானூரில் 22 பேர். ஒவ்வொன்றிலும் கரையில் ஒரு நிமிடம் இருந்திருக்கும். யாராவது ஒருவர் “வேண்டாம், அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று சொல்லியிருக்கக்கூடிய நிமிடம்.

“அப்போ எங்கேயும் போகக் கூடாதா டீச்சர்?” என்று கேட்பீர்கள். போக வேண்டும் பிள்ளைகளா! கட்டாயம் போக வேண்டும். லடாக்குக்குப் புல்லட்டில் போய்விட்டு வந்து, ஆவடியிலிருந்து 55 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இடத்தைப் பார்த்ததில்லை என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுச்சாலை, பொன்னேரி, பழவேற்காடு. விடியற்காலையில் கிளம்பினால் இட்லி நேரத்துக்குப் போய்விடலாம்.

போய் என்ன பார்ப்பது? டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சென்னையில் ஜார்ஜ் கோட்டை வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பு. சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இப்போது அது புதர் மூடிய மேடு. ஆனால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில். நுழைவாயிலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுங்கள், தப்பில்லை. கூடவே ஒன்று சொல்லுங்கள். இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களையும் அடிமைகளாக்கிக் கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா என்று சொல்கிற பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். அதைக் கேட்ட பிறகு அந்தத் துறையைப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

ஊருக்குள் நடங்கள். பழைய பள்ளிவாசல்கள், மாதா கோயில், சிற்பங்கள் நிறைந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயில், எல்லாம் நடக்கிற தூரம். பனை ஓலையில் பெட்டி பின்னும் பெண்களிடம் பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். மீனவர்களிடம் ‘பாடு’ என்றால் என்ன என்று கேளுங்கள். எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று அவர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஒரே தண்ணீரைச் சண்டை இல்லாமல் பங்கிட்டுக்கொள்ள அவர்கள் கண்ட வழி. நம் அடுக்ககங்களில் கார் நிறுத்தும் இடத்துக்கு நடக்கும் சண்டையை நினைத்துப் பாருங்கள்!

பூநாரை பார்க்கப் படகு வேண்டாம். குளிர்மாதங்களில் அண்ணாமலைச்சேரி பக்கம் கரையிலிருந்தே பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் போனால் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவிலேயே போகிறது. படகு மோட்டார் சத்தத்தில் கூட்டம் எழும்பிப் பறப்பது வீடியோவுக்கு அழகுதான். இரை தின்ன வந்த பறவைக்கு அது அழகு இல்லை.

தண்ணீரே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. பூந்தமல்லியிலிருந்து திருமழிசை, திருவள்ளூர் வழியாகப் பூண்டி. அதற்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். பிற்பாடு சாந்தி பப்புவும் குழுவினரும் அகழ்ந்து ஆராய்ந்ததில் அங்குள்ள பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் வருட வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். பூந்தமல்லியில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிற நேரத்துக்குள் 15 லட்சம் வருடம் பின்னால் போய்விடலாம். அங்கே கிடக்கிற கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2011க்குப் பிறகு பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை காகிதத்தில் இருக்கிறது, படகு தண்ணீரில் இருக்கிறது. தடை போட்டால் மட்டும் போதாது. பிச்சாவரத்திலும் முட்டுக்காட்டிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடவில்லையா? அதுபோல இங்கேயும் உள்ளூர் மீனவர்களையே வைத்து, இத்தனை பேர்தான், ஜாக்கெட் மாட்டினால்தான், முகத்துவாரத்துக்குப் போகவே கூடாது என்று ஒழுங்கு வைத்து நடத்தலாம். அவர்களுக்கும் நேர்மையான வருமானம் கிடைக்கும், ஒளிந்து ஓட்ட வேண்டியதில்லை. அது வரும்வரை கரையில் நில்லுங்கள். கரையில் பார்க்க ஒரு நாள் போதாது.

எங்கே படகு ஏறினாலும் மூன்றே விஷயம். ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். கூட்டம் அதிகம் என்று தோன்றினால் இறங்கிவிடுங்கள், கொடுத்த பணம் போகட்டும். படகுக்காரர் வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அவரிடம் மீன் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

1994இல் என்னோடு அந்தப் படகில் இருந்த பிள்ளைகளே, உங்களில் பலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இன்று உங்களுக்கே அந்த வயதில் பிள்ளைகள். அன்று உங்கள் அப்பா அம்மாக்கள் என்னை நம்பித்தான் அனுப்பினார்கள். நான் தவறு செய்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் படகுக்காரர் இன்று இருக்கிறாரா தெரியாது. கூடுதலாகக் கொடுத்த நூறு ரூபாய்க்கு அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

லேத் பட்டறைத் தம்பி அந்தப் படத்தை எடுத்துவிட்டார். “பிள்ளைங்களுக்கு அந்த எலும்புக்கூட்டைக் காட்டவே இல்ல டீச்சர், நேரா படகுக்குப் போயிட்டோம்” என்றார். வருகிற ஜனவரியில் மறுபடி போகலாம் என்றிருக்கிறோம். முழங்கால் வலியோடு நானும் வருகிறேன். வர விருப்பமுள்ளவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். புளிசாதம் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்