நாலு நாளில் முடிகிற ஆபரேஷனா?

மும்பைக்கு வரச் சொன்னால் அம்மா ஏழெட்டு வருடமாக ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். (இதை வைத்து வீட்டில் ஒரு சண்டையும் போட்டாயிற்று. தப்பு என்மேல்தான்.) போன தீபாவளிக்கு நெல்லைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது அதே மருமகளிடம்தான் வாய் திறந்திருக்கிறார்: "அடி எறங்கிட்டும்மா. இருமினா ஒண்ணுக்குப் போயிருது. ரயில்ல ஒண்ணரை நாள் எப்படி வர? இதப் போயி ஆம்பளப் புள்ளைட்ட சொல்ல முடியுமா?"

மூன்று பிரசவம். அப்புறம் முப்பது வருடம் தெருக்குழாயில் குடம் தூக்கியது. கர்ப்பப்பையைத் தாங்கும் தசையும் நாரும் தளராமல் என்ன செய்யும்?

ஊர்ப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். "கர்ப்பப்பையை எடுத்துடலாம். லேப்ராஸ்கோபிதான், சின்ன ஓட்டை, நாலு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்." எனக்கும் லீவு சரியாக நாலு நாள்தான் பாக்கி. தலையாட்டியிருப்பேன். மனைவிதான் இன்னொரு டாக்டரையும் கேட்போம் என்றாள்.

என் கட்சி இதுதான். வெளியூரில் இருக்கும் நாம், நம் லீவுக்குத் தோதாக அம்மாவின் ஆபரேஷனை முடிவு செய்கிறோம். ஓட்டை சின்னதுதான், வலியும் ரத்தப்போக்கும் குறைவுதான். உள்ளே நடக்கும் வேலை சின்னதல்ல. 6 வாரம் போல கனம் தூக்கக்கூடாது. அதுவரை தண்ணீர் பிடிப்பது யார்? கர்ப்பப்பையை எடுத்தால் மட்டும் இறக்கம் சரியாகிவிடாது. மேலே இழுத்துக் கட்டாவிட்டால் பிறப்புறுப்பின் மேல்முனையே பிறகு இறங்கலாம். எடுக்காமலே தூக்கிக் கட்டும் முறைகளை இதே மும்பையின் ஷிரோத்கரும் புரந்தரேயும் போன நூற்றாண்டிலேயே செய்து காட்டினார்கள். இன்று அந்த மாதிரி ஆபரேஷன்களை லேப்ராஸ்கோபியிலும் செய்கிறார்கள்.

வலை வைப்பார்களா என்றும் கேளுங்கள். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலையின் விற்பனையை அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வயிற்று வழியே வைக்கும் வலையும், சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் நாடாவும் வேறு கணக்கு. எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது டாக்டர் அம்மாவுக்கு இடுப்படித் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு சிலிக்கன் வளையமும் வைத்தார். ஆபரேஷன் பேச்சை அப்புறம் பார்ப்போம் என்றார். அடுத்த மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன்.

தண்ணீர் பிடிக்கத் தெருவில் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். "அவளுக்கும் மூணு புள்ளைய்யா" என்கிறார் அம்மா.