ரெக்கார்டு நோட்டில் முள் ஆடாது!



டிப்ளமோ முடித்து வெளியே போகும் ஒவ்வொருவரும், எந்த பிராஞ்சாக இருந்தாலும் சரி, தன் கையால் ஒரு ரேடியோ அலை டிடெக்டரைக் கட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. "இதென்னடா, சிவில்காரனுக்கும் மெக்கானிக்கல்காரனுக்கும் டிடெக்டர் எதுக்கு?" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நம்மைச் சுற்றி எந்நேரமும் அலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. செல்போன் டவர், வைஃபை பெட்டி, தருமபுரி வானொலியின் பண்பலை எல்லாமே அலைதான். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. "இதோ இருக்கிறது" என்று காட்டுவதுதான் டிடெக்டர். அதற்கு வேண்டியவை ஒரு டயோடு, இரண்டு துண்டு செம்புக் கம்பி, இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், லேபில் இருக்கும் மல்டிமீட்டர். அவ்வளவுதான். சர்க்யூட்டுக்குத் தனியாக பேட்டரிகூட வேண்டாம். அலை கொண்டுவரும் சக்தியிலேயே முள் நகரும்.

எப்படி? 900 மெகாஹெர்ட்ஸ் அலை கம்பியில் பட்டால், அதில் நொடிக்கு 90 கோடி தடவை முன்னும் பின்னும் அலையும் மின்னோட்டம் உண்டாகிறது. பாவம், மீட்டர் முள் அந்த வேகத்துக்கு எங்கே போகும்? முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு, கூட்டிப் பார்த்தால் சைபர். நடுவில் டயோடு நின்று "ஒரு பக்கம்தான் விடுவேன்" என்கிறது. கெப்பாசிட்டர் வந்ததைச் சேர்த்து வைக்கிறது. டி.சி. ஆகிவிட்டது, முள் ஆடுகிறது!

கம்பி எவ்வளவு நீளம்? 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 900-க்கு சுமார் 33 சென்டிமீட்டர். அதில் பாதி போதும். ஆகவே டயோடின் இரண்டு பக்கமும் எட்டெட்டு சென்டிமீட்டர் கம்பி. டயோடின் இரு முனையிலிருந்தும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மீட்டருக்குப் போங்கள். 1000 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரை மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள். முள் மீட்டர் என்றால் 50 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச், டிஜிட்டல் என்றால் டி.சி. 200 மில்லிவோல்ட். முள் எதிர்ப்பக்கம் போனால் மீட்டர் வயர்களை மாற்றிப் போட்டால் சரி. பக்கத்தில் செல்போனை வைத்து யாருக்காவது கால் பண்ணுங்கள். ரிங் போவதற்கு முன்னாலேயே முள் துள்ளும்.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது.

நம் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும் டயோடு 1என் 4007. பவர் சப்ளை எக்ஸ்பெரிமெண்டுக்கு அதைத்தான் போடுகிறோம். அதை இதில் போட்டால் முள் அநேகமாக அசையாது. சர்க்யூட் படத்தில் எந்த டயோடுக்கும் ஒரே அம்பு, ஒரே கோடு. ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பெரிய ஆள், இந்த வேகத்துக்கு வளைய மாட்டான். அதோடு சிலிக்கான் டயோடு நன்றாக வழிவிட 0.6, 0.7 வோல்ட் கேட்கும். ஜெர்மானியம் டயோடு 0.2, 0.3-லேயே வழிவிடும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போர்டுகளில் கண்ணாடி உடம்போடு இருக்கும் ஓ.ஏ.79, அல்லது 1என் 34, இல்லையென்றால் ஒரு ஷாட்கி சிக்னல் டயோடு. இவைதான் இந்த வேலைக்கு லாயக்கு.

இந்த வித்தியாசத்தைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். நாமும் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுவோம். அசையாத முள்ளுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து தலையைச் சொறிந்தவன் மறப்பானா?

ரெக்கார்டு நோட்டில் முள் ஆடாதது கிடையாது. எல்லா எக்ஸ்பெரிமெண்டும் வெற்றி! எல்லா கிராஃபும் அழகாக வளையும்! பல பாலிடெக்னிக்குகளில் ரீடிங் பரம்பரைச் சொத்து மாதிரி சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வருகிறது. ஆனால் டிடெக்டர் முள் யாருடைய ரெக்கார்டையும் பார்த்து ஆடுவதில்லை. சால்டரிங் சரியில்லை என்றால் ஆடாது, டயோடு தப்பு என்றால் ஆடாது. "ஏன் வேலை செய்யவில்லை?" என்று தேடும் பழக்கத்தை அது நமக்குத் தருகிறது. லேத் ஓட்டுபவனுக்கும் கான்கிரீட் போடுபவனுக்கும் அந்தப் பழக்கம்தானே சோறு போடும்?

"நம்மிடம் என்ன வசதி இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன், ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவருக்குச் சரியான ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. ஒரு சின்ன இடத்தில், தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கி, தனக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார். ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகியும், சணலை முறுக்கி வைத்தும் அலையைச் சோதித்தார். கலீனா என்ற ஈயக் கனிமத்தைக் கொண்டு அவர் செய்த டிடெக்டருக்கு 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் போடப்பட்டு, 1904-ல் காப்புரிமை கிடைத்தது. செமிகண்டக்டர் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று அதைச் சொல்கிறார்கள். நம் கடைத்தெருவிலும் தகர வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். டைம்டேபிளுக்கும் சணலுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் எதற்கு என்று நீங்களே யோசியுங்கள்.

நம் சென்னையிலேயே 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் அவருடைய நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பினார்கள். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் பிறப்பதற்கு முன்னால்! பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. ஆனாலும் ஆசைப்பட்ட நாலு பேர் கூடினால் நடக்கும் என்று காட்டிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில், 1944-ல், இத்தாலியின் அன்சியோவில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்கள் ஷேவிங் பிளேடையும் பென்சில் முனையையும் டிடெக்டராக்கிப் பாட்டு கேட்டார்கள். நம் லேப் அதைவிட மோசமா?

நம்மில் பாதிப்பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். நமக்குள் ஒரு பயம் உண்டு: "தொட்டு உடைஞ்சுட்டா யாரு காசு கட்டுவது?" அதனால் லேபில் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். வீட்டிலோ, "நீதான் படிச்சிருக்கியே, இந்த ரேடியோ ஏன் பாடலைன்னு பாருடா" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுக்கிறார்கள். நமக்கு அதுதான் உண்மையான வைவா! அங்கே சீனியர் ரெக்கார்டு கிடையாது. கழித்துப் போட்ட போர்டிலிருந்து எடுத்த டயோடு உடைந்தால் யார் நம்மைத் திட்டப் போகிறார்கள்? பயம் தெளிய இதைவிட மலிவான மருந்து இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டிடெக்டர் எதையும் அனுப்புவதில்லை, அதனால் தொல்லையில்லை. டிரான்ஸ்மிட்டர் கட்டுவது வேறு விஷயம், அதற்கு லைசென்ஸ் வேண்டும். இரண்டு, முள் ஆடியதும் "டவரால் ஆபத்து!" என்று ஊரைக் கிளப்பாதீர்கள். அளவு திருத்தாத முள் கூட, குறைய என்று மட்டும்தான் சொல்லும்.

அந்தக் கூடக் குறையவே எத்தனை கேள்வி கிளப்புகிறது பாருங்கள்! டவர் சிக்னல் பலவீனமானால் செல்போன் தன் சக்தியைக் கூட்டிப் பேசும். அப்படியென்றால் அரூர் பஸ் ஸ்டாண்டில் ஆடுவதைவிட, சித்தேரி மலைப்பாதையில் கோடு குறையும் இடத்தில் முள் அதிகமாக ஆட வேண்டும் அல்லவா? ஆடுகிறதா என்று எந்த ரெக்கார்டிலும் எழுதியில்லை. போய்த்தான் பார்க்க வேண்டும்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு எவ்வளவோ செலவு செய்கிறோம். வருகிற ஆண்டு ஒரே ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். பழைய போர்டுகளை வாங்கி நடுவில் கொட்டி, நாலு சால்டரிங் அயர்ன் வையுங்கள். எல்லா பிராஞ்சும் கலந்து உட்காரட்டும். மார்க் வேண்டாம், ரெக்கார்டு வேண்டாம். முள் ஆடியவன் ஆடாதவனுக்கு உதவி செய்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

என்ன நண்பர்களே, செய்வோமா?